கடைசி ஒப்பனையின் கூலி

மணப்பெண் அலங்காரத்துக்கு என்ன விலை என்று கேட்க நம்மில் யாருக்கும் கூச்சம் கிடையாது. முகத்துக்கு எவ்வளவு, கொண்டைக்கு எவ்வளவு, சேலை கட்டிவிட எவ்வளவு, இரவு விருந்துக்கு மறுபடி வந்தால் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்கிறோம். பேரம் பேசுகிறோம், முன்பணம் கட்டுகிறோம். வேலை பிடித்துவிட்டால் ‘கைராசிக்காரர்’ என்று நான்கு பேரிடம் சொல்லியும் விடுகிறோம். அதே முகம் ஒருநாள் கண்மூடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறது. அதைத் துடைத்து, தலைவாரி, பொட்டு வைத்து, பார்க்க வருகிறவர் மனம் பதறாதபடி ஆக்கி வைத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அவர் கைக்கு எவ்வளவு போனது என்று கேட்கவே கேட்பதில்லை.

சாவு வீட்டில் காசைப் பற்றிப் பேசுவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இந்தத் தலைப்பில் எழுதப்போகிறேன் என்றதும் என் அம்மாவே, “வேற தலைப்பே கிடைக்கலையா உனக்கு?” என்று கேட்டார். ஆனால் நாம் பேசாமல் இருப்பதால் அங்கே காசு புழங்காமல் இருப்பதில்லை. அது யாருடைய பைக்குப் போகிறது என்பது மட்டும் நமக்குத் தெரியாமல் போகிறது.

எனக்கு இந்தத் தொழிலைப் பற்றித் தெரியவந்தது ஓர் அக்காவின் மூலம். எங்கள் தாமானில் குடியிருப்பவர். மணப்பெண் அலங்காரம்தான் அவருடைய பிழைப்பு. ஆறாம் படிவம் முடித்து, பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்த மாதங்களில் அவரோடு கல்யாண வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பெட்டி தூக்குவதும் கொண்டை ஊசி எடுத்துக் கொடுப்பதும்தான் என் வேலை. 2020 மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கல்யாணங்கள் நின்றன. அக்காவின் வருமானமும் அன்றே நின்றது. அந்த நேரத்தில்தான் ஈமச்சடங்கு சேவை நடத்தும் ஒருவர் அவரைக் கூப்பிட்டார். இறந்த பெண்களுக்குச் சேலை கட்டிவிட அவர்களிடம் அப்போது பெண் ஆள் இல்லை. கோவிட்டால் இறந்தவர்களை யாரும் தொட முடியாது. பைக்குள் வைத்து மூடி நேரே மின்சுடலைக்குப் போனார்கள். மற்ற நோயில், முதுமையில் போனவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அக்கா போனார். கல்யாணங்கள் திரும்பிவந்த பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. இன்று இரண்டு வேலையும் செய்கிறார். ஒன்றை ஊருக்குச் சொல்கிறார். மற்றதைச் சொல்வதில்லை.

ஓர் உடலுக்கு இவ்வளவு என்று கையில் கொடுக்கிறார்கள். தொகையை அச்சில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு மணப்பெண்ணுக்கு அவர் வாங்குவதில் கால் பங்கைக்கூட அது தொடாது என்று மட்டும் எழுதுகிறேன். பகலில் கூப்பிட்டாலும் விடியற்காலை இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் அதே தொகை. தூங்குவதுபோல் இருக்கும் பாட்டியின் முகத்துக்கு அரைமணி நேரமும் அதே தொகை. மோட்டார் சைக்கிள் விபத்தில் போன பையனின் முகத்துக்கு மூன்று மணி நேரமும் அதே தொகை. மையும் மாவும் பெட்ரோலும் அவர் செலவு. சில வாரங்களில் நான்கு அழைப்பு வரும், சில வாரங்களில் ஒன்றும் வராது. சொக்சோ இல்லை. ஊழியர் சேமநிதி இல்லை. 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சட்டம் மாதச் சம்பளக்காரரைத் தேடி வரும். உடலுக்கு இவ்வளவு என்று கூப்பிட்டபோது போய் வருகிறவரை அது எட்டிப் பார்ப்பதில்லை.

செத்த முகத்துக்குப் பவுடர் போடுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அக்கா சொல்லக் கேட்டபோதுதான் அது முற்றிலும் வேறு கலை என்று புரிந்தது. நாம் பூசிக்கொள்ளும் ஃபவுண்டேஷன் தோலின் சூட்டில் இளகித்தான் பரவுகிறது. குளிர்ப்பெட்டியிலிருந்து வந்த முகத்தில் அந்தச் சூடு இல்லை. பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரித் திட்டுத் திட்டாக நிற்கும். அதனால்தான் இதற்கென்றே எண்ணெயிலோ சாராயத்திலோ கலந்த தனிப் பூச்சுகள் உண்டு. வசதியுள்ள இடங்களில் ஊதுகுழல் கருவியால் தூவுகிறார்கள். இறந்த சில மணி நேரத்தில் கண் இமையிலும் தாடையிலும் விறைப்பு தொடங்கி உடல் முழுவதும் பரவுகிறது. அதற்குமுன் கண்ணையும் வாயையும் மூடிவிட்டால் நல்லது. நம் பெரியவர்கள் நாடிக்கட்டுக் கட்டியதற்கும் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியதற்கும் காரணம் அதுதான். இரத்தம் ஓட்டம் நின்று கீழ்ப்பக்கமாக இறங்குவதால் முதுகும் காதோரமும் கருநீலமாகும், முகம் வெளிறும். உதடு காய்ந்து சுருங்கும். கண் உள்ளே குழியும். குழிந்த கண்ணுக்கு இமைக்கு அடியில் மெல்லிய மூடி வைக்கிறார்கள். காயத்தை மெழுகால் நிரப்பி, அதன்மேல் தோலின் துளைகள் தெரிவதுபோல் தூரிகையால் புள்ளி வைக்கிறார்கள்.

அக்கா வந்த புதிதில் அங்கே இருந்த பூச்சுகள் எல்லாம் வெளிறிய நிறங்களாம். நம் ஆட்களின் முகத்தில் போட்டால் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். சிவப்பும் மஞ்சளும் கொஞ்சம் பழுப்பும் கலந்து, நம் கறுப்பு எது, நம் மாநிறம் எது என்று அவரே பிடித்துக்கொண்டார். “வெள்ளையா ஆக்கி விடுங்க” என்று கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்களாம். அம்மா உயிரோடு இருந்தவரை அவர் நிறத்தில் குறை காணாத பிள்ளைகள்தான். அக்கா அவர்களிடம் வாதம் செய்வதில்லை. “போட்டோ ஒன்னு குடுங்கமா, அவங்க பொட்டு எவ்ளோ பெருசா வைப்பாங்கன்னு பாக்கணும்” என்று கேட்டு வாங்கிக்கொள்வார். பொட்டின் அளவு சரியாக இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருப்பதாகக் குடும்பத்துக்குத் தோன்றும் என்பது அவர் கண்டுபிடிப்பு. சுமங்கலியாகப் போனவருக்குக் கூறைச்சேலை, மஞ்சள், குங்குமம், தலை நிறையப் பூ. அப்படி ஓர் உடலை அலங்கரித்து முடிக்கும்போது, அன்று காலை மண்டபத்தில் செய்த அதே வேலையைத்தான் இங்கேயும் கை செய்திருக்கும் என்றார். இரண்டுக்கும் ஒரே மடிப்பு, ஒரே ஊசி. கூலி மட்டும்தான் வேறு.

தோட்டப்புறங்களில் இது காசு கொடுத்துச் செய்விக்கும் வேலையாக இருக்கவில்லை. இறந்தவர் வீட்டிலேயே இறந்தார். உறவுப் பெண்கள் சேர்ந்து எண்ணெயும் சீயக்காயும் வைத்துக் குளிப்பாட்டினார்கள், கோடி உடுத்தினார்கள். நாடிக்கட்டு எப்படிக் கட்டுவது என்று தெரிந்த ஒரு பாட்டி ஒவ்வொரு லயத்திலும் இருந்தார். இன்று பெரும்பாலோர் மருத்துவமனையில் இறக்கிறோம். அடுக்குமாடி வீட்டில் குளிப்பாட்டுவதற்கு இடமில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மகன் வந்துசேரும்வரை உடல் கெடாமல் இருக்க வேண்டும். உறவுகள் செய்ததை நிறுவனம் செய்கிறது. எண்ணெய் தொட்டு வைக்கும் சடங்கு மட்டும் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது. இதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டிக்குத் தெரிந்தது பேத்திக்குத் தெரியாமல் போனால், தெரிந்தவருக்குக் காசு கொடுத்துத்தான் ஆகவேண்டும். அந்தக் காசை ஒழுங்காகக் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

உடலைப் பதப்படுத்தும் வேலையையும் ஒப்பனையையும் ஒன்றாக எண்ணுகிறோம். இரண்டும் ஒரே அறையில் நடந்தாலும் வேறு வேறு. பதப்படுத்துபவர் கழுத்துத் தமனி வழியாக ஃபார்மலின் கலந்த மருந்தை ஏற்றி, சிரை வழியாக இரத்தத்தை வெளியேற்றுகிறார். இங்கே வேலை செய்து இறந்துபோகும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் உடலை விமானத்தில் ஊருக்கு அனுப்ப இந்த வேலை முடிந்ததற்கான சான்றிதழ் வேண்டும். ஒப்பனைக்காரர் அந்த மருந்தைத் தொடுவதில்லை, ஆனால் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை 2004இல் முடிவு செய்தது. அக்கா அந்த அறைக்குள் போனால் கண் எரியும், மூக்கில் நீர் வடியும். அவர் போட்டுக்கொள்வது மருந்துக்கடையில் வாங்கும் சாதாரண முகக்கவசம். அது தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. இந்த அபாயத்துக்கும் சேர்த்துத்தான் அந்தக் கால் பங்குக்கும் குறைவான கூலி.

பொருளாதாரப் பாடத்தில் எங்களுக்கு ஒரு கோட்பாடு கற்பிக்கிறார்கள். யாரும் விரும்பாத வேலைக்குச் சம்பளம் கூட வேண்டும். இல்லையென்றால் ஆள் வரமாட்டார்கள். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நூலில் தூக்கிலிடுபவரை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். செய்யும் வேலையின் அளவைப் பார்த்தால் மற்ற எந்தத் தொழிலையும்விட அதற்குக் கூலி அதிகம் என்பது அவர் கணக்கு. 2008இல் வந்த ‘ஒக்குரிபித்தோ’ என்ற ஜப்பானியப் படத்திலும் அந்தக் கணக்குதான் வருகிறது. இசைக்குழு கலைந்து வேலையிழந்த செல்லோ கலைஞன் ஒருவன், பிரயாண நிறுவனத்தின் விளம்பரம் என்று நினைத்துப் போய், இறந்தவர்களைப் பெட்டியில் வைத்து அனுப்பும் வேலையில் சேர்கிறான். முதலாளி சொல்லும் சம்பளம் மாதம் ஐந்து இலட்சம் யென். அவன் வாயடைத்துப் போகிறான். பின்னர் மனைவிக்கு விஷயம் தெரிந்ததும், தன்னைத் தொடாதே என்கிறாள். படத்துக்கு 2009இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் கிடைத்தது. ஜப்பானிலும் தீட்டு இருக்கிறது, ஆனால் தீட்டுக்கு ஒரு விலையும் இருக்கிறது.

நம்மிடம் தீட்டு இருக்கிறது, விலை இல்லை. ஏன் இப்படி என்று நிறைய யோசித்துப் பார்த்தேன். ஸ்மித்தின் கணக்கு எங்கே பலிக்கும் என்றால், வேண்டாம் என்று சொல்லக்கூடியவனிடம்தான் பலிக்கும். நம் ஊர்களில் சாவு வேலை யார் செய்ய வேண்டும் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. பறையடிக்க ஒரு சாதி, சிரைக்க ஒரு சாதி, துணி வெளுக்க ஒரு சாதி, சுடுகாட்டுக்கு ஒரு சாதி. அவர்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாதவன் கூலி பேச முடியாது. கப்பலேறி வந்தபோது இந்த வழக்கமும் கூடவே வந்து தோட்டத்து லயங்களில் குடியேறியது. சாதியெல்லாம் அந்தக் காலம் என்று மேடையில் பேசுகிறோம். இன்று இந்த வேலைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதும் உண்மைதான். ஆனால் ‘இந்த வேலைக்குக் கூலி கேட்கக்கூடாது, கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும்’ என்ற எண்ணம் மட்டும் சாதிப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர் எந்தச் சாதியானாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தக் கூலிதான்.

இதோடு இரகசியமும் சேர்ந்துகொள்கிறது. சென்ற ஆண்டு ஒரு மணப்பெண்ணின் தாயாருக்கு அக்காவின் மற்ற வேலை தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். முன்பணத்தையும் திருப்பிக் கேட்டார்கள். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டார். ஓர் உடலுக்குப் போய் வந்ததால் ஒரு கல்யாணம் போனது என்றால், அந்த உடலுக்கு அவர் வாங்கிய கூலி என்ன ஆகிறது? கழித்துப் பார்த்தால் நட்டம். இதனால் அவர் மறைக்கிறார். மறைப்பதால் தன் அனுபவத்தைச் சொல்லி விலை கேட்க முடியவில்லை, தன்னைப்போல் இதே வேலை செய்பவர்கள் யார் என்று தெரியவில்லை, அவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்றும் தெரியவில்லை. முதலாளி சொல்வதே விலை.

அந்த முதலாளிகளும் எல்லாரும் கொள்ளைக்காரர்கள் இல்லை. குடும்பங்கள் கேட்பது ‘மொத்தம் எவ்வளவு’ என்ற ஒரே கேள்விதான். அதனால் பேக்கேஜ் என்று ஒரே தொகை சொல்கிறார்கள். எங்கள் உறவினர் வீட்டுத் துக்கத்தின்போது கொடுக்கப்பட்ட தாளை வாங்கிப் பார்த்தேன். பெட்டி என்ன மரம், கைப்பிடி என்ன நிறம், கூடாரம் எத்தனை, நாற்காலி எத்தனை, வண்டியில் பூ எந்தப் பக்கம் என்பதெல்லாம் இருந்தது. உடலைத் தயார் செய்வது ‘இதர சேவைகள்’ என்ற வரிக்குள் தண்ணீர்ப் போத்தல்களோடு இருந்தது.

அமெரிக்காவில் 1984இல் நடப்புக்கு வந்த ஈமச்சடங்கு விதி, ஒவ்வொரு நிறுவனமும் பொருள்வாரியாக விலைப்பட்டியல் கொடுக்க வேண்டும் என்கிறது. அதில் பதப்படுத்துதலுக்கு ஒரு வரி, குளிப்பாட்டி உடுத்தி ஒப்பனை செய்வது போன்ற ‘மற்ற ஆயத்தங்களுக்கு’ இன்னொரு வரி. அந்நாட்டு ஈமச்சடங்கு இயக்குநர்கள் சங்கம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, பார்வைக்கு வைத்து அடக்கம் செய்யும் சடங்கின் இடைநிலைச் செலவு 7,848 டாலர். அதில் பதப்படுத்துதல் 775, மற்ற ஆயத்தம் 275. இது குடும்பம் கொடுக்கும் விலை, வேலை செய்தவரின் கூலி அன்று. அங்கும் ஒப்பனைக்காரர்கள் பலர் உடலுக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள்தான். ஆனாலும் 275 என்று ஓர் எண் தாளில் இருக்கும்போது, “அதில் எனக்கு எவ்வளவு?” என்று அவர்கள் கேட்க முடிகிறது. எண்ணே இல்லாத இடத்தில் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

கூலியை வாய்விட்டுச் சொல்வது நம் மரபில் இல்லாத ஒன்றா என்று கேட்டால், அரிச்சந்திரனை நினைத்துப் பாருங்கள். மயானத்தில் வெட்டியானாக நிற்கிறான். சந்திரமதி இறந்த மகனைத் தூக்கி வருகிறாள். அவளிடமே கட்டணம் கேட்கிறான். கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. அவளிடம் ஒன்றுமில்லை. அப்போது அவன் சொல்வதாகக் கதையில் வருவதைச் சின்ன வயதில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சொல்லக் கேட்டு அழுதிருக்கிறேன். வாய்க்கரிசி எனக்குரியது, அதை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன்; கால் பணமும் முழத்துண்டும் என் ஆண்டைக்கு உரியவை, அவற்றை விட எனக்கு உரிமை இல்லை என்கிறான். அன்று அவனுடைய சத்தியத்துக்காக அழுதேன். இன்று அந்தக் கணக்கு வேறு மாதிரித் தெரிகிறது. குழி வெட்டுகிறவனின் பங்கு தள்ளுபடி. முதலாளியின் பங்கு தள்ளுபடி ஆகாது. ஏழைக் குடும்பம் என்று தெரிந்தால் அக்காவும் தன் தொகையை வாங்குவதில்லை, சில சமயம் கையிலிருந்து பூவும் வாங்கிப் போகிறார். பேக்கேஜ் விலை குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

“இதெல்லாம் புண்ணியம்மா, காசு பார்க்கக்கூடாது” என்று அக்காவிடம் சொல்பவர்கள் நிறையப் பேர். நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு அந்த வீட்டில் பண்டாரத்துக்குத் தட்சிணை உண்டு, உறுமிக்காரர்களுக்குப் பேசிய தொகை உண்டு, பூக்காரருக்கும் கூடாரக்காரருக்கும் பில் உண்டு. புண்ணியத்தைக் கூலியாக வாங்கிக்கொள்ளும்படி சொல்லப்படுபவர் இவர் ஒருவர்தான்.

இடைநிலைப்பள்ளியில் படித்தபோது மலாய்த் தோழிகளுக்கு இஸ்லாமியக் கல்விப் பாடத்தில் இறந்தவரைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்தும் பயிற்சி இருந்தது. ஒரு பொம்மையை வைத்துச் செய்து பழகினார்கள். பயமாக இல்லையா என்று ஒருத்தியிடம் கேட்டேன். “சியாப்பா லாகி?” என்றாள். வேறு யார் செய்வார்கள் என்ற பொருளில். அது அவர்களுக்கு ஃபர்டு கிஃபாயா, சமூகத்தில் சிலராவது செய்தே ஆகவேண்டிய கடமை. யாரும் செய்யாவிட்டால் எல்லாரையும் அந்தக் குற்றம் சேரும். உடலைத் தொட்டவளைக் கல்யாண வீட்டில் ஒதுக்குவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. நாம் அவர்களைப் பார்த்து அப்படியே செய்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். கடமையாகச் செய்கிற துணிவு நமக்கு இல்லையென்றால், கூலிக்குச் செய்பவரையாவது கூச்சமில்லாமல் பார்க்கலாம்.

இந்த மலரை வாசிக்கும் பழைய மாணவர்களில் கணக்காய்வாளர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், மருத்துவமனைகளில் வேலை செய்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தில் துக்கம் நேரும்போது நிறுவனத்துக்காரரிடம் பேசப்போகிறவர் பெரும்பாலும் நீங்கள்தான். படித்த பிள்ளை பேசட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: உடலைத் தயார் செய்பவருக்கு இதில் எவ்வளவு? தாளில் அதற்கு ஒரு வரி போடச் சொல்லுங்கள். முடிந்தால் அவர் கையில் நேரே கொடுங்கள். தற்தொழில் செய்பவர்களுக்கான சொக்சோ பாதுகாப்பு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாடகைக்கார் ஓட்டுநர்களோடு தொடங்கி, பிறகு மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. சேமநிதியில் சொந்தமாகப் பணம் போட ஐ-சாரான் திட்டம் இருக்கிறது, அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. இதையெல்லாம் பாரம் நிரப்பிச் சேர்த்துவிட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அக்காவுக்கு நான் நிரப்பிக் கொடுத்தேன். தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இருவரும் கொஞ்ச நேரம் விழித்தோம். ‘அழகுக்கலை’ என்று எழுதச் சொன்னார்.

பல்கலைக்கழகம் படித்துவிட்டு யாராவது இதற்குப் போவார்களா என்று என் அறைத்தோழி கேட்கிறாள். அமெரிக்காவில் இதற்கென்று கல்லூரிப் படிப்பே இருக்கிறது. உடற்கூறியல், வேதியியல், சிதைந்த முகத்தை மீட்டமைக்கும் கலை எல்லாம் அதில் பாடங்கள். நம் பிள்ளைகள் மருத்துவம் கிடைக்காமல் உயிரியல் மருத்துவம் படித்துவிட்டு, காப்புறுதி விற்கிறார்கள். கூலியும் மதிப்பும் இருந்தால் அவர்களில் நான்கு பேர் வரமாட்டார்களா?

இந்த மாதம் அக்கா எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். நிறுவனங்களுக்குக் கொடுக்க விலை அட்டை ஒன்று தமிழிலும் மலாயிலும் தட்டச்சு செய்ய வேண்டும். முகம், தலைமுடி, சேலை கட்டுதல், காயம் மறைத்தல், நள்ளிரவு அழைப்பு என்று ஐந்து வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. தலைப்புக்குத் தமிழில் என்ன போடுவது என்பதில்தான் நிற்கிறோம். ‘சவ ஒப்பனை’ என்று எழுதினேன். படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ‘இறுதி அலங்காரம்’ என்பது பூக்கடைப் பலகை மாதிரி இருக்கிறதாம். மலாய்ப் பக்கத்தில் சிக்கல் இல்லை, அது முடிந்துவிட்டது. தமிழ்ப் பக்கத்தில் மேலே ஒரு வரி காலியாக இருக்கிறது. பேரவை நண்பர்கள் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் சொல்லுங்கள். மாத இறுதிக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.